பச்சைத் தண்ணீரில் ஒரு பட்டினி



2022ஆம் ஆண்டு சனவரி மாதம். அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில், விண்கலங்கள் ஏவப்படும் கேப் கெனவரலுக்கு அருகே ஒரு மின் உற்பத்தி நிலையம் இருக்கிறது. அதன் கரையில் நின்றுகொண்டு அரசு வனவிலங்குத் துறையினர் கூடை கூடையாக லெட்டூஸ் கீரையைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். முட்டைக்கோசைப் போலத் தோன்றும் அந்தக் கீரையைச் சாம்பல் நிறப் பெரிய பிராணிகள் நீருக்குள்ளிருந்து மூக்கை நீட்டிக் கவ்வித் தின்றன.

இந்தப் பிராணிகளுக்குக் கையால் உணவு கொடுக்கக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். சட்டத்தைக் காக்க வேண்டியவர்களே அன்று உணவு கொடுத்தார்கள். ஏன்? அந்தப் பிராணிகள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தன.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. அந்தப் பிராணிகள் தாவர உண்ணிகள். அவை வாழ்ந்த நீரோ பல மாதங்கள் பச்சைப் பசேலென்று இருந்த நீர். தாவரம் தின்னும் பிராணி பச்சைத் தண்ணீரில் பட்டினி கிடப்பானேன்? புல் தின்னும் மாடு புல்வெளியில் பசியால் விழுந்தது என்று சொன்னால் நம்புவோமா?

இந்தப் புதிரை விடுவித்துவிட்டால், உணவுச் சங்கிலியைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்ததற்கும் மேலான ஒன்று நமக்குப் புரிந்துவிடும். வாருங்கள், பார்ப்போம்.

யானைக்கு உறவு

அந்தப் பிராணியின் பெயர் மானட்டி. ஏறத்தாழ 3 மீட்டர் நீளம், 450 கிலோ எடை. நீரில் வாழ்ந்தாலும் மீன் அன்று. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பாலூட்டி. மூச்சு விட நீரின் மேலே வந்தாக வேண்டும். நம் பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் கடற்பசு இதன் நெருங்கிய உறவு. நிலத்தில் இதற்கு உறவு யார் தெரியுமா? யானை! பரிணாம வழியில் பார்த்தால் மானட்டியும் கடற்பசுவும் திமிங்கிலத்தைவிட யானைக்கே நெருக்கமானவை.

மானட்டி நாளொன்றுக்குத் தன் எடையில் 4 முதல் 9 சதவீதம் வரை தின்னும். 450 கிலோ எடையுள்ள மானட்டிக்கு இது 18 முதல் 40 கிலோ தாவரம். மணலும் மண்ணும் ஒட்டிய புல்லை ஓயாமல் அரைப்பதால் பற்கள் தேய்ந்துபோகும். அதற்கும் இயற்கை ஒரு வழி செய்திருக்கிறது. தாடையின் பின்புறத்தில் புதிய கடைவாய்ப் பற்கள் முளைத்து முன்னோக்கி நகர்ந்து வரும்; தேய்ந்த பற்கள் முன்னால் விழுந்துவிடும். வாழ்நாள் முழுவதும் புல் தின்பதற்கென்றே அமைந்த உடல் இது.

அது தின்னும் முக்கியமான புல் எது? கடற்புல்.

கடலில் ஒரு புல்வெளி

கடற்புல் என்றவுடன் கரையில் ஒதுங்கும் கடற்பாசியை நினைத்துவிடாதீர்கள். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, பூவும் கிடையாது. கடற்புல்லோ நிலத்துத் தாவரத்தைப் போலவே வேர், தண்டு, இலை, பூ, விதை எல்லாம் உடையது. நீருக்கு அடியிலேயே பூத்து, நீர் வழியாகவே மகரந்தச் சேர்க்கை நடத்திக்கொள்கிறது. உலகில் சுமார் 70 வகைக் கடற்புற்கள் உள்ளன. ஆழம் குறைந்த, அலை அடங்கிய, தெளிந்த கடல்நீரின் அடியில் இவை வயல்போலப் பரந்து கிடக்கும்.

நம் கதை நடக்கும் இடம் இந்தியன் ரிவர் காயல். பெயரில் இந்தியன் என்று இருந்தாலும் நம் நாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. புளோரிடாவின் கிழக்குக் கரையை ஒட்டி, கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே சுமார் 250 கிலோமீட்டர் நீளத்துக்கு நாடாபோல் கிடக்கும் உப்புநீர்ப் பரப்பு அது. சராசரி ஆழம் ஏறத்தாழ 1.2 மீட்டர்தான், பல இடங்களில் நீங்கள் நின்றால் மார்பளவு தண்ணீர் இருக்கும். கடலோடு சேரும் வாய்கள் சிலவே. ஆகவே உள்ளே வந்த நீர் எளிதில் வெளியேறாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தக் காயலில் 7 வகைக் கடற்புற்கள் வளர்கின்றன.

சங்கிலியின் கணக்கு

உணவுச் சங்கிலி உங்களுக்குத் தெரிந்ததே. சூரிய ஒளியைக் கொண்டு தாவரம் உணவு தயாரிக்கிறது; அது உற்பத்தியாளர். அதைத் தின்பது முதல்நிலை நுகர்வோர். அதைத் தின்பது இரண்டாம்நிலை நுகர்வோர். இப்படியே மேலே போகும்.

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் எவ்வளவு ஆற்றல் மேலே செல்கிறது? இதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ரேமண்ட் லிண்ட்மன் என்ற இளம் அமெரிக்க விஞ்ஞானி. மினசோட்டா மாநிலத்தில் சீடர் பாக் என்ற சிறிய ஏரியை அவர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1942இல் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை. அதே ஆண்டில் 26 வயதில் இறந்துவிட்டார்.

அவர் தொடங்கிவைத்த வழியில் வந்ததுதான் பத்து சதவீதக் கணக்கு. ஒரு படியில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போய்ச் சேர்கிறது. மீதி மூச்சு விடுவதிலும் நடமாடுவதிலும் உடற்சூட்டிலும் கழிவிலும் போய்விடுகிறது. இது தோராயக் கணக்கு. இடத்துக்கு இடம் மாறும். ஆயினும் போக்கு இதுதான்.

அதன்படி 1,000 கிலோ தாவரம் இருந்தால் 100 கிலோ தாவர உண்ணி வாழலாம். அதைக் கொண்டு 10 கிலோ சிறு மீன். அதைக் கொண்டு 1 கிலோ பெரிய மீன். இதைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். மேலே 1 கிலோ நிற்க வேண்டுமானால் கீழே 1,000 கிலோ தாங்க வேண்டும். அடியில் 500 கிலோ போனால் மேலே அரைக் கிலோ போகும். தாவரத்தை இழப்பது சங்கிலியில் ஒரு கண்ணியை இழப்பது மட்டுமன்று. மற்ற எல்லாக் கண்ணிகளும் தொங்கும் ஆணியையே பிடுங்குவதாகும்.

இதுவரை பாடப் புத்தகத்தில் உள்ளதுதான். இந்தக் கணக்கு மட்டும் போதுமானால், காயலில் பாசி பெருகியபோது மானட்டி கொழுத்திருக்க வேண்டும் அல்லவா? பச்சை கூடியதே! ஆகவே கணக்கில் இன்னும் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

புல் உணவு மட்டுமன்று

கடற்புல் வெளியில் ஒரு புல் இலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதை நேரடியாகத் தின்பவை சிலவே: மானட்டி, பச்சைக் கடலாமை, சில மீன்கள். ஆனால் அந்த இலையின் மேல் மெல்லிய நுண்பாசிப் படலம் படர்ந்திருக்கும். அதை நத்தைகளும், இறால் இனத்தைச் சேர்ந்த சிற்றுயிர்களும் சுரண்டித் தின்னும். அவற்றைச் சிறு மீன்கள் தின்னும். சிறு மீனைக் கடல் ட்ரவுட் போன்ற பெரிய மீன்கள் தின்னும். பெரிய மீனை டால்பினும் விரால் அடிப்பானும் பிடிக்கும்.

முதிர்ந்து உதிர்ந்த இலைகள் அடியில் மக்கும். அவற்றைப் பாக்டீரியா சிதைக்கும். அந்த மக்கைப் புழுக்களும் நண்டுகளும் தின்னும். இது இன்னொரு சங்கிலி. உண்மையில் கடற்புல்லின் பெரும்பகுதி இப்படி மக்கின் வழியாகத்தான் பிற உயிர்களைச் சேர்கிறது.

மூன்றாவதாக, அந்த இலைகளுக்கு இடையே மீன்குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் ஒளிந்து வளரும். இலை அவற்றுக்கு உணவு அன்று, தொட்டில். நான்காவதாக, வேர்கள் சேற்றைப் பின்னிப் பிடித்துக்கொள்கின்றன. இலைகள் அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. அதனால் மண் கலங்காது. நீர் தெளிவாக இருக்கும். ஒளி அடிவரை எட்டும். ஐந்தாவதாக, பகலில் அது நீரில் பிராணவாயுவைக் கலக்கிறது.

பார்த்தீர்களா? ஒரே புல் உணவாகிறது, உரமாகிறது, வீடாகிறது, வேலியாகிறது, மூச்சும் ஆகிறது. நீரில் மிதக்கும் நுண்பாசியும் பச்சைதான். அதுவும் ஒளிச்சேர்க்கை செய்கிறது. ஆனால் மானட்டியால் அதைக் கவ்வ முடியுமா? மீன்குஞ்சு அதில் ஒளிய முடியுமா? அது சேற்றைப் பிடித்து வைக்குமா? முடியாது. எடை ஒன்றாக இருக்கலாம், வேலை ஒன்றன்று.

புதிரின் பாதி அவிழ்ந்துவிட்டது. புல்லின் இடத்தை நுண்பாசி எப்படிப் பிடித்தது என்பது அடுத்த பாதி.

காயல் பச்சையானது எப்படி?

காயலின் இரு கரையிலும் ஊர்கள் பெருகின. வீட்டுப் புல்தரைக்கும் வயலுக்கும் போட்ட உரம் மழைநீரோடு வாய்க்கால் வழியாகக் காயலில் சேர்ந்தது. வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிகளிலிருந்து கசிந்த நீரும் சேர்ந்தது. இவற்றில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைய உண்டு. நெல்லுக்கு நாம் இடும் அதே சத்துகள்தாம். காயலின் வாய்கள் சிலவே என்று முன்னே சொன்னேன் அல்லவா? வந்த சத்து வெளியே போகவில்லை, ஆண்டுதோறும் தங்கியது.

2011ஆம் ஆண்டு நுண்பாசிகள் காயலில் இதற்குமுன் காணாத அளவில் பெருகின. அந்தப் பெருக்கம் பல மாதங்கள் நீடித்தது. 2012இல் வேறொரு நுண்பாசி பெருகி நீரைப் பழுப்பாக்கியது. அதற்குப் 'பழுப்பு அலை' என்றே பெயர். இந்தப் பாசி மிக நுண்ணியது. வழவழப்பான உறை உடையது. நீரில் மிதக்கும் நுண் விலங்குகள்கூட இதை விரும்பித் தின்பதில்லை. அதாவது, சங்கிலியின் அடியில் பெரும் உற்பத்தி. ஆனால் அடுத்த கண்ணி அதில் கொளுவவே இல்லை!

நீர் கலங்கினால் புல்லுக்கு என்ன? பெருந்தீங்கு. நுண்பாசி நீரின் மேற்பரப்புக்கு அருகே மிதப்பதால் மங்கிய ஒளியும் அதற்குப் போதும். கடற்புல் அப்படியன்று. நீரின் மேல் விழும் ஒளியில் பல சமயம் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை அதற்கு வேண்டும். ஏன் இவ்வளவு? அதன் வேர் பிராணவாயுவே இல்லாத சேற்றில் இருக்கிறது. இலை ஒளிச்சேர்க்கை செய்து, கிடைத்த பிராணவாயுவை உள்ளிருக்கும் குழாய்கள் வழியாக வேருக்கு அனுப்பியாக வேண்டும். ஒளி குறைந்தால் இலைக்குப் பசி. வேருக்கு மூச்சுத் திணறல்.

புல் சாகத் தொடங்கியதும் இன்னொரு கொடுமை நேர்ந்தது. செத்த புல் மக்கியபோது அதில் இருந்த சத்தெல்லாம் நீரில் கரைந்தது. அது நுண்பாசிக்கு மேலும் உரமாயிற்று. வேரின் பிடி விட்டதால் காற்றடிக்கும்போதெல்லாம் சேறு கிளம்பியது. நீர் மேலும் கலங்கியது. எஞ்சிய புல்லுக்கும் ஒளி போயிற்று. புல் சாவதே அடுத்த புல் சாவதற்குக் காரணமாயிற்று. செக்கு மாடுபோல் சுற்றிச் சுற்றி வரும் இந்த வளையத்தில் அகப்பட்டால் வெளியே வருவது கடினம்.

2009க்கும் 2019க்கும் இடையே அந்தக் காயல் தன் கடற்புல் பரப்பில் பாதிக்கு மேல் இழந்தது. ஏறத்தாழ 18,600 ஹெக்டேர் புல்வெளி மறைந்தது. அது எவ்வளவு பெரிது? நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 46,000 ஏக்கர்!

2016 மார்ச்சில் மற்றுமொரு அடி. பழுப்பு அலை மீண்டும் பெருகியது. இரவில் ஒளிச்சேர்க்கை கிடையாது. பாசி மூச்சு மட்டும் விடும். பாசி செத்து விழுந்தால் அதைச் சிதைக்கும் பாக்டீரியாவும் பிராணவாயுவை உறிஞ்சும். நீரில் பிராணவாயு தீர்ந்து, மீன்கள் மூச்சு முட்டிச் செத்து மிதந்தன. காயலின் ஒரு பகுதியில் கரை முழுவதும் வெள்ளையாக மீன்கள் கிடந்தன.

குளிரா, பசியா?

மானட்டி பருமனான உடலுடையதுதான். ஆனால் திமிங்கிலத்துக்கு இருப்பதுபோல் குளிர் தாங்கும் தடித்த கொழுப்புப் போர்வை அதற்கு இல்லை. நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அதன் உடல்நிலை கெடத் தொடங்கும். ஆகவே குளிர்காலத்தில் இதமான வெப்பமுள்ள ஊற்றுகளையும், மின் நிலையங்கள் வெளியேற்றும் வெதுவெதுப்பான நீரையும் தேடி நூற்றுக்கணக்கில் கூடும்.

முன்பெல்லாம் வெப்பமான இடத்தில் தங்கி, அருகில் உள்ள புல்வெளிக்குப் போய் மேய்ந்துவிட்டுத் திரும்பி வரும். 2020 டிசம்பர் தொடங்கிய குளிர்காலத்தில் அருகில் புல்வெளி இல்லை. தொலைவுக்குப் போனால் குளிர், போகாவிட்டால் பசி. இரண்டில் ஒன்றைத்தான் அது தேர்ந்தெடுக்க முடியும். பல மானட்டிகள் வெப்பத்தில் தங்கிப் பசியைத் தாங்கிக்கொண்டன. உடலில் இருந்த கொழுப்பு கரைந்தது. பிறகு தசை கரைந்தது.

2021ஆம் ஆண்டில் மட்டும் புளோரிடாவில் 1,100 மானட்டிகள் இறந்தன. அதற்கு முன் மிக அதிகமாக இறந்த ஆண்டு 2013. அப்போது எண்ணிக்கை 830. படகில் அடிபட்டவை, நோயுற்றவை எல்லாம் இந்த எண்ணிக்கையில் அடங்கும். ஆனால் 2021இல் எண்ணிக்கை இவ்வளவு உயர்ந்ததற்குக் காரணம் காயலின் பட்டினியே. மாநிலம் முழுவதும் வாழும் மானட்டிகள் 8,350 முதல் 11,730 வரை இருக்கலாம் என்பது 2021–22 கணக்கெடுப்பு. இதோடு சேர்த்துப் பார்த்தால் இழப்பின் அளவு விளங்கும்.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். புல் அழியத் தொடங்கியது 2011இல். மானட்டிகள் கூட்டமாகச் செத்தது 2021இல். நடுவே பத்து ஆண்டுகள்! எஞ்சிய புல்லையும் மிதக்கும் பெரிய பாசிகளையும் தின்று அவை காலம் தள்ளின. சங்கிலியின் அடி அறுந்த ஓசை மேலே கேட்கச் சில சமயம் இவ்வளவு காலம் ஆகிறது. கேட்கும்போது அது மிகவும் தாமதமாகிவிடுகிறது.

லெட்டூஸ் கணக்கு

இப்போது கட்டுரையின் தொடக்கத்துக்கு வருவோம். அந்தக் குளிர்காலத்தில் போடப்பட்ட கீரை சுமார் 92,000 கிலோ. மிகப் பெரிய அளவாகத் தோன்றுகிறது அல்லவா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு மானட்டிக்கு நாளைக்கு 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 92,000-ஐ 30-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3,000. அதாவது, 3,000 மானட்டிகளுக்கு ஒரு நாள் உணவு. அல்லது 100 மானட்டிகளுக்கு 30 நாள் உணவு. அவ்வளவுதான்! அடுத்த குளிர்காலத்தில் கீரையின் அளவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கினார்கள்.

அந்த முயற்சி வீண் என்று சொல்லவில்லை. பசித்த வாய்க்குப் பிடி கீரையும் உயிர்தான். ஆனால் புல்வெளி ஒரு காசும் வாங்காமல் நாள்தோறும் செய்து வந்த வேலையைப் பணமும் ஆளும் வண்டியும் கொண்டு செய்யப் புகுந்தால் எவ்வளவு சிறிதே செய்ய முடிகிறது என்று பாருங்கள். அதுவும் உணவு என்ற ஒரு வேலையை மட்டும். லெட்டூஸ் மீன்குஞ்சுக்கு வீடாகுமா? சேற்றைப் பிடிக்குமா? நீரைத் தெளியவைக்குமா?

மீள முடியுமா?

முடியும், ஆனால் மெல்ல. காயலின் வடபகுதியில் சில இடங்களில் புல் மீண்டும் தலைகாட்டியது. அதனால் 2023–24 குளிர்காலத்தில் கீரை போடுவது நிறுத்தப்பட்டது. மானட்டி இறப்பும் 2022இல் 800 ஆகவும், 2023இல் 555 ஆகவும் குறைந்தது.

அதே மாநிலத்தின் மேற்குக் கரையில் டாம்பா விரிகுடா இருக்கிறது. அங்கேயும் கழிவுநீரால் கடற்புல் பெருமளவு அழிந்திருந்தது. 1980 வாக்கில் நகரின் கழிவுநீரை நன்கு சுத்திகரித்து, தழைச்சத்தை நீக்கிய பிறகே விரிகுடாவில் விடத் தொடங்கினார்கள். நீர் தெளிந்தது, ஒளி அடிக்கு எட்டியது, புல் தானாகப் படர்ந்தது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளில், 2015 வாக்கில், 1950களில் இருந்த அளவை எட்டிவிட்டது. பிறகு சில ஆண்டுகளில் மறுபடியும் குறையத் தொடங்கியது. இதிலிருந்து இரண்டு பாடங்கள்: மீட்க முடியும், மீட்டதைக் காக்காவிட்டால் தங்காது.

நம் கரையில்

இது ஏதோ தொலைதூர நாட்டின் கதை என்று எண்ணிவிடாதீர்கள். பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் பரந்த கடற்புல் வெளிகள் உள்ளன. அவற்றில் மேய்வது கடற்பசு. மீனவர்கள் இதை ஆவுளியா என்றும் அழைப்பார்கள். மானட்டியைப் போலவே இதுவும் கடற்புல்லை நம்பி வாழ்வது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டி, பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பெயர் கடற்பசுவுக்கு; ஆனால் உண்மையில் காக்க வேண்டியது அதன் அடியில் உள்ள சுமார் 12,250 ஹெக்டேர் புல்வெளியை. புல் இருந்தால் கடற்பசு இருக்கும். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் இருக்கும். வலையும் நிறையும்.

கடற்கரை ஊர்களில் வாழும் நண்பர்களே! கரையில் நாடாபோல் நீண்ட பச்சை இலைகள் ஒதுங்கிக் கிடப்பதைக் கண்டால் எடுத்துப் பாருங்கள். வேரும் கணுவும் தெரிந்தால் அது கடற்புல். உள்நாட்டில் இருப்போருக்கும் இதில் பங்கு உண்டு. வயலில் தேவைக்கு மேல் இட்ட உரம் வாய்க்காலிலும், வாய்க்கால் ஆற்றிலும், ஆறு கடலிலும் போய்ச் சேருகிறது. கடலைக் காணாத ஊருக்கும் கடற்புல்லுக்கும் இடையே தண்ணீர் ஒரு வழி போட்டுத்தான் வைத்திருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள, வாய் அகன்ற இரண்டு கண்ணாடிப் பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் குளத்து நீரை நிரப்புங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே நீளமுள்ள மூன்று வேலம்பாசிக் கொடிகளை இடுங்கள். முதல் பாட்டிலை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் ஒரு சிட்டிகை யூரியாவும் ஒரு சிட்டிகை சூப்பர் பாஸ்பேட்டும் கலந்துவிடுங்கள். இரண்டையும் வெளிச்சமான சன்னல் ஓரத்தில் வையுங்கள். உரத்தைத் தொட்டபின் கையை நன்றாகக் கழுவுங்கள்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை பாட்டிலுக்குப் பின்னால் ஒரு செய்தித்தாளை வைத்து, நீரின் ஊடே எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். வெயிலில் வேலம்பாசியிலிருந்து ஒரு நிமிடத்தில் எத்தனை குமிழிகள் வருகின்றன என்றும் எண்ணிக் குறித்துவையுங்கள். மூன்று வாரம் தொடருங்கள். பெரும்பாலும் உரமிட்ட நீர் பச்சையாகி எழுத்தை மறைக்கும். அப்போது உள்ளே இருக்கும் கொடி எப்படி இருக்கிறது? குமிழிகள் கூடினவா, குறைந்தனவா? சோதனை முடிந்ததும் நீரைக் குளத்தில் கொட்டாதீர்கள், செடிக்கு ஊற்றுங்கள். ஏன் என்று உங்களுக்கே இப்போது தெரியும்.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. உங்கள் ஊர்க் குளத்தில் ஆகாயத்தாமரை முழுவதும் மூடிவிட்டால் நீருக்கு அடியில் உள்ள தாவரங்களுக்கு என்ன ஆகும்?

2. 1 கிலோ எடையுள்ள பெரிய மீன் வளர, மேலே சொன்ன கணக்குப்படி 1,000 கிலோ தாவரம் வேண்டும். தாவரத்தை நேரடியாகத் தின்னும் மீன் 1 கிலோ வளர எவ்வளவு தாவரம் வேண்டும்?

3. ஓர் ஏரியில் தாவரத்தின் மொத்த எடை குறையவே இல்லை. ஆனால் மீன் குறைந்துவிட்டது. இது எப்படி நிகழலாம்?

மூன்றாம் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்தால், பச்சைத் தண்ணீரில் நடந்த பட்டினியின் புதிரை நீங்கள் விடுவித்துவிட்டீர்கள் என்று பொருள்.